சுவிஸ் பாட்டுக்கு மக்கள் கொடுத்த பூச்சியம்: யூரோவிஷன் வாக்குமுறை பற்றி

ரைன்கரை (பாசல்) எழுதியது:

வியன்னாவில் 2026 மே மாதம் நடக்கவிருக்கும் யூரோவிஷன் பாடல் போட்டிக்கு (பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள், நாட்டுக்கொரு பாட்டோடு மோதும் போட்டி) வாக்கு விதிகள் மாறுகின்றன என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் பாசல் இறுதிச்சுற்றைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்துவிட்டது. 2025 மே 17ஆம் திகதி இரவு, போட்டி நடந்த மண்டபத்துக்கு நுழைவுச்சீட்டுக் கிடைக்காததால், நானும் என்னுடைய பதினான்கு வயது மகளும் பக்கத்திலுள்ள சங்க்ட் யாக்கோப் உதைபந்தாட்ட மைதானத்தில், ஏறத்தாழ 36,000 பேரோடு பெருந்திரைகளுக்கு முன்னால் இருந்தோம். சுவிஸுக்காக ஸோயி மெ பிரெஞ்சு மொழியில் தனியாக நின்று பாடினார். ஆரவாரம் எதுவும் இல்லாத, காதருகே பேசுவது போன்ற பாட்டு அது. ஒவ்வொரு நாடும் இரண்டு தொகுதிப் புள்ளிகள் தரும்: ஒன்று இசைத்துறை நடுவர் குழுவின் வாக்குப்படி, மற்றது மக்கள் வாக்குப்படி; இரண்டையும் கூட்டியே வெற்றி முடிவாகும். நடுவர் குழுக்களின் வாக்குகள் முழுவதும் வந்து சேர்ந்தபோது ஆஸ்திரியா 258 புள்ளிகளோடு முதலிடத்திலும், நாங்கள் 214 புள்ளிகளோடு இரண்டாம் இடத்திலும் இருந்தோம்.

அதற்குப் பிறகு மக்கள் வாக்கை அறிவிக்கும்போது, நடுவர் பட்டியலில் கடைசியாக இருக்கும் நாட்டில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வது வழக்கம். அதனால் எங்கள் முறை கடைசிக்கு முந்தியதாக வந்தது. மகள் கதிரையை விட்டு எழுந்து, சிறிய சிவப்புக் கொடியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொகுப்பாளர் சொன்ன எண் பூச்சியம். மைதானத்தில் ஒரு கணம் மூச்சு அடங்கியதைப் போல இருந்தது. பிறகு எங்கிருந்தோ கைதட்டல் தொடங்கி, ஆறுதல் சொல்வதைப் போல நெடுநேரம் நீடித்தது. மகள் கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "ஒருத்தருக்குமே பிடிக்கேல்லையா அம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இரண்டாம் இடத்தில் வைத்த பாட்டு, கோடிக்கணக்கான பார்வையாளரில் ஒருவருக்குக்கூடப் பிடிக்காமல் போக முடியுமா? யாருடைய கணக்கு பிழை, நடுவர்களுடையதா, மக்களுடையதா? இங்கே பல ஆண்டுகளாகப் போட்டியைப் பின்தொடர்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நள்ளிரவு ரசிகன் (சென்னை) எழுதியது:

அக்கா, உங்கள் மகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்தப் பூஜ்ஜியத்துக்கு "யாருக்கும் பிடிக்கவில்லை" என்று பொருள் இல்லை. இங்கே இறுதிச்சுற்று நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கி விடியும் நேரத்தில்தான் முடிகிறது. அத்தனை நேரம் விழித்திருந்து பார்ப்பவன் என்பதால், புள்ளிக் கணக்கை ஒவ்வொரு ஆண்டும் தாளில் எழுதிச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் அளித்த வாக்குகளை எண்ணி வரிசைப்படுத்திய பிறகு, முதல் பத்து இடங்களில் உள்ள பாடல்களுக்கு மட்டுமே புள்ளிகள் உண்டு. முதலிடத்துக்கு 12, இரண்டாமிடத்துக்கு 10, அதன் பிறகு 8 முதல் 1 வரை. 1975ஆம் ஆண்டிலிருந்து இந்த அளவுகோல் மாறவில்லை. பாசல் இறுதிச்சுற்றில் 26 பாடல்கள் இருந்தன. ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் பதினைந்து, பதினாறு பாடல்கள் வெறுங்கையோடுதான் திரும்பியாக வேண்டும். ஒரு பாட்டு எல்லா நாடுகளிலும் பதினோராம் இடத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலட்சக்கணக்கானோர் அதற்கு வாக்களித்திருக்கலாம், ஆனாலும் பலகையில் பூஜ்ஜியம்தான் தெரியும். எல்லா நாடுகளிலும் கடைசி இடத்தைப் பிடித்த பாட்டுக்கும் அதே பூஜ்ஜியம்தான். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வழி அந்தப் பலகையில் கிடையாது.

அதே இரவில் ஐக்கிய இராச்சியத்துக்கும் மக்கள் வாக்கில் பூஜ்ஜியம். அவர்களின் 88 புள்ளிகளும் நடுவர்கள் தந்தவையே. 2021இல் ராட்டர்டாமில் ஐக்கிய இராச்சியம், ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளுக்கு மக்கள் வாக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவற்றில் நெதர்லாந்து போட்டியை நடத்திய நாடு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மக்கள் வாக்கு என்பது பெரும்பாலும் "எனக்கு மிகவும் பிடித்தது எது" என்ற கேள்விக்கான விடை. ஒருவருக்கு நான்காவதாகப் பிடித்த பாட்டு எது என்பதை அந்த முறை கேட்பதே இல்லை. உங்கள் நாட்டுப் பாட்டு, என் ஊகத்தில், பலருக்கு நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பிடித்த பாட்டு.

வடக்கொளி (ஹெல்சிங்கி) எழுதியது:

கணக்கு விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நடுவர்களை இவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. 2023 லிவர்பூல் இரவை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஃபின்லாந்தின் கேரியா மின்னும் பச்சை நிறக் கைச்சட்டையோடு, முழுவதும் ஃபின்னிஷ் மொழியில் பாடினார். எங்கள் தெருவில் அந்த மாதம் முழுவதும் குழந்தைகள் பச்சைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போனார்கள். மக்கள் அவருக்கு 376 புள்ளிகளும், சுவீடனின் லொரீனுக்கு 243 புள்ளிகளும் தந்தார்கள். நடுவர்களோ லொரீனுக்கு 340, கேரியாவுக்கு 150. கூட்டினால் 583க்கு 526. கோப்பை சுவீடனுக்குப் போயிற்று. நடுவர் வாக்கு அறிவிக்கப்படும்போதே மண்டபம் முழுவதும் கேரியாவின் பல்லவியை உரக்கப் பாடியதை எல்லோரும் கேட்டோம்.

மறு ஆண்டு மால்மோவிலும் அதே கதை. குரோஷியாவின் பேபி லசான்யாவுக்கு மக்கள் தந்தவை 337. நடுவர்கள் தந்த 365 புள்ளிகளின் பலத்தில் சுவிஸின் நெமோ வென்றார். மக்கள் வரிசையில் நெமோவுக்கு ஐந்தாம் இடம். 2025இல் வென்ற ஆஸ்திரியாவின் ஜேஜே மக்கள் வரிசையில் நான்காவது. இப்படி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மக்களின் முதல் தெரிவு தோற்றிருக்கிறது. ஒரு நாட்டின் நடுவர் குழுவில் உள்ள ஐந்து பேர், அந்த நாட்டு மக்கள் அனைவருக்கும் ஈடாக எடை போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த ஐந்து பேரும் எப்போதும் நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 2022இல் டூரின் அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர் வாக்குகளில் முறைகேட்டின் சாயல் தெரிகிறது என்று போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமே அறிவித்து, அவற்றை நீக்கிவிட்டு மாற்றுப் புள்ளிகளைப் போட்டது. அடுத்த ஆண்டிலிருந்து அரையிறுதிகள் மக்கள் வாக்கால் மட்டுமே முடிவாயின. இப்போது வியன்னாவில் நடுவர்களை மறுபடியும் அரையிறுதிக்குக் கொண்டுவருகிறார்கள். இது பின்னோக்கிய நடை.

சுரவரிசை (பாரிஸ்) எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாகக் குரல் பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். அதனால் நடுவர் தரப்பை விளக்க வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

பலர் அறியாத செய்தி ஒன்று: நடுவர்கள் மதிப்பிடுவது சனிக்கிழமை நேரலையை அல்ல. அதற்கு முந்தைய இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்தே அவர்கள் வரிசையிடுகிறார்கள். மண்டபத்தின் ஆரவாரம் நேரலையில் எவ்வளவு உயர்ந்தாலும், அவர்களின் தீர்ப்பு முந்தைய இரவே எழுதப்பட்டுவிடும். லிவர்பூலில் மண்டபமே சேர்ந்து பாடியது உண்மைதான், தம்பி. ஆனால் அது நடுவர்களை எட்டியிருக்க வழியில்லை. அவர்களிடம் கேட்கப்படுவது பாடலின் அமைப்பும் புதுமையும், மேடை நிகழ்த்துகை, குரல் வளம், ஒட்டுமொத்த உணர்வு ஆகிய நான்கும்தான்.

ஜேஜேயின் பாட்டை ஒரு முறை கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். கருப்பு வெள்ளைக் காட்சியில் புயலில் ஆடும் படகு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு நினைவிருப்பது அந்தப் படகின் மேல் அவர் மூச்சை எடுத்த விதம். ஆண் குரல் தன் இயல்பான எல்லையைக் கடந்து பெண் குரலின் உயரத்துக்கு ஏறும்போது, ஏறுகிற அந்தப் படியில் பொதுவாக ஒரு கீறல் கேட்கும். எவ்வளவு பயிற்சி பெற்றவருக்கும் உடல் ஆடிக்கொண்டிருந்தால் அது வந்துவிடும். அவரிடம் அது கேட்கவில்லை. வியன்னா அரச இசைநாடக அரங்கில் பாடிய அனுபவம் அந்த மூன்று நிமிடங்களில் முழுவதும் வெளிப்பட்டது. பாட்டின் இறுதியில் மின்னணுத் தாளம் வெடித்தெழும்போதும் சுருதி அசையவில்லை. இதைக் கேட்டு அறிவதற்குத்தான் நடுவர் என்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

நடுவர்களும் மக்களும் எப்போதும் எதிரெதிராக நிற்கிறார்கள் என்பதும் சரியல்ல. 2017இல் கீவ் நகரில் போர்த்துகலின் சல்வதோர் சோப்ரல், ரசிகர்களின் நடுவிலிருந்த சிறிய மேடையில் தனியாக நின்று, தன் சகோதரி எழுதிய பாட்டைத் தாய்மொழியில் பாடினார். நெருப்பும் நடனமும் எதுவுமில்லை. நடுவர்கள் 382, மக்கள் 376. இரண்டு வரிசையிலும் முதலிடம். அமைதியான பாட்டு மக்களுக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் அந்த இரவைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

ஆனால் வடக்கொளியின் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. வியன்னாவில் அது ஏழாகிறது. அவர்களில் இருவராவது 18 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும், இசை ஆசிரியர்கள், விமர்சகர்கள், நடன அமைப்பாளர்கள் போன்றோரும் இடம்பெறலாம் என்றும் சொல்கிறார்கள். இது பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய திருத்தம்.

ரைன்கரை (பாசல்) எழுதியது:

குரல் ஆசிரியருக்கும் சென்னைத் தம்பிக்கும் நன்றி. மூச்சைப் பற்றிய பத்தியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே பாட்டைத் தேடியெடுத்து மூன்று முறை கேட்டாள். எனக்கு இப்போது ஒரு யோசனை தோன்றுகிறது. பத்து இடங்களோடு நிறுத்துவதால்தானே இந்தப் பூச்சியம் வருகிறது? நடுவர்கள் எல்லாப் பாடல்களையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசையிடுவதைப் போல, மக்கள் வரிசையையும் முழுமையாக எடுத்து, இரண்டையும் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சேர்த்துவிட்டால் என்ன?

தேம்ஸ் ஓரம் (லண்டன்) எழுதியது:

அதை ஏற்கனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2013 முதல் 2015 வரை அந்த முறைதான் இருந்தது, அதன் விளைவை நாங்கள் இங்கிருந்தே பார்த்தோம். 2014 கோபன்ஹேகன் போட்டியில் ஐக்கிய இராச்சியத்து மக்கள் போலந்தின் பாட்டை முதலிடத்தில் வைத்தார்கள். எங்கள் நடுவர் குழு அதே பாட்டைக் கடைசியில் வைத்தது. இரண்டு வரிசைகளையும் சேர்த்தபோது போலந்து முதல் பத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. இந்த நாட்டிலிருந்து அவர்களுக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை. முதலிடம் கொடுத்த மக்களின் விருப்பம் ஐந்து பேரின் வெறுப்பால் தடமில்லாமல் அழிந்தது. அப்போது நான் வேலை செய்த இடத்தில் போலந்து நாட்டவர் பலர் இருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதே முறையில்தான், 2015இல் வியன்னாவில், போட்டியை நடத்திய ஆஸ்திரியா மொத்தமாகவே பூச்சியம் வாங்கியது, ஜெர்மனியும் அப்படியே. ஆகவே முழு வரிசையைச் சேர்ப்பதால் பூச்சியம் ஒழிந்துவிடாது, அக்கா.

2016இல் இரண்டு கணக்குகளையும் பிரித்துத் தனித்தனியாக அறிவிக்கத் தொடங்கிய பிறகுதான் மக்களின் குரல் முழுமையாகப் பலகைக்கு வந்தது. அந்த முதல் ஆண்டிலேயே விசித்திரமான முடிவு கிடைத்தது. நடுவர்களின் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு, மக்களின் முதலிடம் ரஷ்யாவுக்கு. இரண்டு வரிசையிலும் இரண்டாவதாக வந்த உக்ரைனின் ஜமாலா 534 புள்ளிகளோடு வென்றார். இரு தரப்பும் ஓரளவு ஒத்துக்கொண்ட பாட்டு வெல்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

நடுவர் பக்கத்துத் திருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018க்கு முன்பு ஐவரின் வரிசை எண்களையும் சராசரி எடுத்தார்கள். நால்வர் மேலே வைத்த பாட்டை ஒருவர் வேண்டுமென்றே கடைசியில் வைத்தால் அது சரிந்துவிடும். 2018இலிருந்து மேல் இடங்களுக்கு மிக அதிக எடை தருகிறார்கள்; கடைசி இடங்களுக்கிடையே வேறுபாடு அநேகமாக இல்லை. ஒருவரால் மட்டும் ஒரு பாட்டைக் கவிழ்ப்பது இப்போது கடினம்.

வடக்கொளி (ஹெல்சிங்கி) எழுதியது:

போலந்து விவரம் எனக்குப் புதியது. அப்படியானால் பிரித்து எண்ணும் இப்போதைய முறையே மேல் என்பதை ஏற்கிறேன். நடுவர்களுக்குச் சரிபாதி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும்.

நள்ளிரவு ரசிகன் (சென்னை) எழுதியது:

மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், மீதி இரண்டு பங்கு எப்படி எண்ணப்படுகிறது என்ற கேள்வி இன்னும் பெரிதாகிவிடும், நண்பரே. நாம் "மக்கள் வாக்கு" என்று சொல்வது உண்மையில் மக்களின் எண்ணிக்கை அல்ல, போடப்படும் வாக்குகளின் எண்ணிக்கை. பாசல் போட்டி வரை ஒருவர் 20 வாக்குகள் வரை போடலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. ஒரு சிறிய நாட்டில் ஒரு பாட்டை 9,000 பேர் விரும்பி ஆளுக்கு ஒரு வாக்குப் போடுகிறார்கள் என்று கொள்வோம். வேறொரு பாட்டுக்கு 500 பேர் ஆளுக்கு 20 வாக்குகள் போட்டால் 10,000 ஆகிவிடும். 500 பேர் 9,000 பேரை வென்றுவிடுவார்கள். வரம்பை 10 ஆக்கினால் அதே 500 பேரால் 5,000 வரைதான் செல்ல முடியும். வியன்னாவுக்காக அறிவிக்கப்பட்டிருக்கும் மாற்றம் இதுதான். நான் 5 ஆக்கியிருப்பேன்.

2023 முதல் போட்டியில் பங்குபெறாத நாடுகளில் உள்ளவர்களும் இணையவழி வாக்களிக்கலாம். அந்த வாக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் மக்கள் வாக்கு அளவுக்கு, அதாவது 12 முதல் 1 வரை மொத்தம் 58 புள்ளிகளுக்கு, எண்ணப்படுகின்றன. நான் பாசல் இறுதிச்சுற்றில் ஆறு வாக்குகள் போட்டேன்; நான்கு ஜேஜேக்கு, இரண்டு எஸ்தோனியாவின் டாமி கேஷுக்கு. என் அட்டையில் பணம் இருந்திருந்தால் இருபதையும் போட்டிருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் வரம்பு வேண்டும் என்கிறேன்.

பனிவழி (ஒஸ்லோ) எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நடுவர், மக்கள் இருவருக்கும் இடையில் நசுங்கிய அனுபவம் எங்கள் நாட்டுக்கும் உண்டு. 2019 டெல் அவிவ் இறுதிச்சுற்றில் நார்வேயின் கேய்னோ குழு மக்கள் வாக்கில் 291 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. சாமி மக்களின் மரபான யோய்க் பாடும் முறை அந்தப் பாட்டில் இருந்தது. நடுவர்கள் தந்தவை வெறும் 40. ஆறாம் இடத்தில் முடிந்தோம்.

ஆனாலும் சென்னை நண்பர் தொட்ட இடமே இப்போது முக்கியமானது. பாசலில் இஸ்ரேலுக்கு மக்கள் வாக்கில் 297, நடுவர் வாக்கில் 60 புள்ளிகள். அந்த வேறுபாட்டைக் கண்டு ஸ்பெயினின் பொது ஒலிபரப்பு நிறுவனம் வாக்குகளைத் தணிக்கை செய்யக் கோரியது. விளம்பரத்துக்குப் பணம் செலவிட்டு வாக்குத் திரட்டுவது பற்றிய கேள்வி ஐரோப்பா முழுவதும் எழுந்தது. வியன்னாவுக்கான விதிகளில், அரசுகள் போன்ற வெளியார் பாடல்களுக்காகப் பெரிய அளவில் விளம்பர இயக்கம் நடத்துவதைக் கட்டுப்படுத்தும் வாசகம் சேர்ந்திருப்பதற்கு இதுவே பின்னணி. இஸ்ரேல் பங்குபெறும் என்பது 2025 டிசம்பரில் உறுதியான பிறகு ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் விலகிவிட்டன. ஏழு முறை வென்ற அயர்லாந்து இல்லாத போட்டியை எண்ணிப் பார்க்கவே எனக்கு வேதனையாக இருக்கிறது. விலகலைப் பற்றி இங்கே ஒவ்வொருவருக்கும் வலுவான கருத்து இருக்கும்; அதற்குத் தனி இழை தொடங்குவோம். இந்த இழைக்குத் தொடர்பான என் கருத்து ஒன்றுதான். பணத்தாலும் திரட்டலாலும் மக்கள் வாக்கு அசையக்கூடியதாக இருக்கும்வரை, மறுபுறத்தில் நடுவர் என்ற எடைக்கல் இருக்கட்டும். என் 40 புள்ளிகளைப் பொறுத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

சுரவரிசை (பாரிஸ்) எழுதியது:

பனிவழி சொல்வதை மனமார ஏற்கிறேன். ஆனால் கேய்னோவுக்கு நடுவர்கள் தந்த 40, யோய்க்கைக் கேட்கத் தெரியாத காதுகளின் தீர்ப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் பயின்றவர்கள் தமக்குப் பழக்கமான குரல் பயன்பாட்டுக்கே உயர்ந்த இடம் தருகிறார்கள். நானும் அப்படியே பயின்றவள். முதல் முறை கேட்டபோது எனக்கும் அதன் அருமை பிடிபடவில்லை. நடுவர் ஏழு பேராகும்போது, அவர்களில் ஒருவராவது வேறொரு இசை மரபிலிருந்து வந்தால் நல்லது.

ரைன்கரை (பாசல்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என்னுடைய முழு வரிசை யோசனையை மீளப் பெற்றுக்கொள்கிறேன். போலந்துக்கு நடந்ததை அறிந்த பிறகு அதை முன்வைக்க மனம் வரவில்லை. வாக்கு வரம்பு 10 ஆனது நல்லது என்றும், நடுவர் எண்ணிக்கை ஏழாக உயர்வது அதைவிட நல்லது என்றும் இப்போது நினைக்கிறேன். சரிபாதி என்பதில் வடக்கொளியோடு எனக்கு உடன்பாடில்லை.

நேற்று இரவு மகள் மேசை இழுப்பறையைக் கிளறி, பாசல் இறுதிச்சுற்றன்று மைதானத்தில் வைத்து எழுதிய தாளை எடுத்து வந்தாள். சுவிஸில் இருந்துகொண்டு சுவிஸுக்கு வாக்களிக்க முடியாது என்பதால் மற்ற 25 பாடல்களையும் வரிசையிட்டிருந்தாள். முதல் மூன்று பாடல்களுக்குத்தான் என் கைபேசியிலிருந்து வாக்குப் போனது; அவற்றுக்கு எதிரே பேனாவால் அழுத்தி நட்சத்திரம் போட்டிருந்தாள். பதினோராவது இடத்தில், ஐக்கிய இராச்சியத்துக்காக மூன்று பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டு இருந்தது. அந்தப் பாட்டைக் கடந்த பல மாதங்களாகத் தினமும் காலையில் தலை வாரும்போது அவள் பாடுகிறாள். எனக்கும் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஒரு வாக்கும் போகவில்லை.